தை மாதக் குளிரும் வாசற்படிப் பூனையும்

பொங்கலுக்கு ஊர் போகும் டில்லித் தமிழர்கள் நவம்பர் மத்தியிலேயே டிக்கெட்டுக்கு அலைய ஆரம்பிக்கிறார்கள். 60 நாட்களுக்கு முன்னால்தான் முன்பதிவு என்ற விதி 2024 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. டிக்கெட் கையில் வந்ததும் மற்ற கணக்குகள் தொடங்கும். அம்மாவுக்கு ஸ்வெட்டர், மச்சானுக்குச் சால்வை, தங்கை குழந்தைகளுக்கு வளையல். வீட்டுச் சாவி யாரிடம்? காஸ் மூடியாயிற்றா? பால்காரருக்குச் சொல்லியாயிற்றா?

இந்தக் கணக்கு எதிலும் வராத ஒரு ஜீவன் உண்டு. பத்து மாதமாக நம் வாசற்படியில் கிண்ணம் வைத்துச் சாப்பிட்ட பூனை.

"அதற்கென்ன, பிழைத்துக்கொள்ளும்" என்பார்கள். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பது நம் ஊர்ப் பேச்சு. ஒரு வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீடு. மதுரையிலும் திருச்சியிலும் இந்த நியாயம் செல்லும். ஜனவரி மாதத்து டில்லியில் செல்லாது. டிக்கெட் எடுக்கும் அன்றைக்கே பூனைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

2023-ல் பொங்கல் ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மாட்டுப் பொங்கல். ஊரில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, மாலை போட்டுக்கொண்டிருந்த அதே காலையில், டில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான வெப்பம் 1.4 டிகிரி. 2021 புத்தாண்டு தினத்தில் 1.1 டிகிரி. 2006 ஜனவரி 8-ஆம் தேதி 0.2 டிகிரி. நாம் ஊருக்குப் போகும் வாரம் எதுவோ, ஏறக்குறைய அதுவே இங்கே குளிரின் உச்சமும். சென்னையில் 20 டிகிரிக்கு இறங்கினாலே காதில் மப்ளர் கட்டுகிற நாம், பூனைக்கு மட்டும் 2 டிகிரி போதும் என்று தீர்மானித்துவிடுகிறோம்.

அதற்குத்தான் மேலெல்லாம் ரோமம் இருக்கிறதே என்று கேட்கலாம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. வெயில் தேசத்து வம்சம். உடம்புச் சூட்டைக் காப்பாற்றத் தனியாகச் சக்தி செலவழிக்காமல் பூனை சுகமாக இருக்கச் சுற்றிலும் 30 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. அதன் உடம்புச் சூடே 38, 39 டிகிரி. ரோமம் உலர்ந்திருக்கும் வரைதான் காக்கும். பனியிலோ மாவட்டு மழையிலோ நனைந்துவிட்டால் ஈரக் கம்பளி போர்த்திய மாதிரிதான். குட்டிகள், கிழடுகள், இளைத்த பூனைகள் முதலில் போகும்.

ஊரில் பூனைக்குக் குளிர் பிரச்சினையே இல்லாததற்கு ஒரு காரணம் அடுப்பங்கரை. இரவு சமையல் முடிந்து தணிந்த விறகடுப்பின் சாம்பலில் பூனை சுருண்டு படுத்திருப்பதை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். காலையில் அடுப்பு மூட்டப் போனால் முதலில் பூனையைத்தான் எழுப்ப வேண்டும். அதற்கு மேல் ஓட்டுக் கூரை, வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை. டில்லியில் இரண்டாவது மாடி குவார்ட்டர்ஸில் காஸ் அடுப்புக்குச் சாம்பல் ஏது? சிமெண்ட் படிக்கட்டு, இரும்புக் கதவு, மொசைக் தரை. பூனை அதே பூனைதான். இடம்தான் வேறு.

முதல் வேலை, இரவில் உள்ளே விடுவது. ஒரு பழைய தட்டில் மணல் பரப்பி குளியலறை மூலையில் வைத்தால் இரண்டொரு நாளில் பழகிக்கொள்ளும். பாத்திரம் துலக்குவதை விட அது பெரிய வேலை இல்லை. வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார், அல்லது பூனையே உள்ளே தங்காது என்றால், பால்கனியிலோ படிக்கட்டுக்கு அடியிலோ ஒரு பெட்டி.

பெட்டி விஷயத்தில் நல்ல மனசு உள்ளவர்களும் தவறு செய்கிறார்கள். பெரிய பெட்டியாக வைத்து, பழைய போர்வையைத் திணித்து, வாயை அகலத் திறந்து வைப்பார்கள். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும். பூனை திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும், அதன் உடம்புச் சூடே அறையைச் சூடாக்கும். நுழைவாசல் ஒரு சாண் அகலத்துக்குள். குளிர்காற்று இங்கே வடமேற்கிலிருந்து வருவதால் வாசல் தெற்கையோ கிழக்கையோ பார்க்கட்டும். தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைக்க வேண்டும். வெளியே வைக்கும் பெட்டிக்குள் துணி வேண்டாம், வைக்கோல் போடுங்கள். துணி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், வைக்கோல் வைத்துக்கொள்ளாது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் காலி தெர்மோகோல் பெட்டி ஒன்று கேட்டுப் பாருங்கள். கழுவிக் காயவைத்தால் அட்டைப் பெட்டியை விட நன்றாகச் சூடு காக்கும். வீட்டுக்குள் என்றால் பழைய ஸ்வெட்டரே மெத்தை.

அங்கீட்டி பற்றி ஒரு வார்த்தை. கரி அங்கீட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கி, புகை தெரியாத விஷவாயுவில் குடும்பமாக மாண்டுபோகும் செய்தி இந்தப் பக்கத்தில் குளிர்காலந்தோறும் வருகிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. பூனைக்காக என்றில்லை, யாருக்காகவும் அறைக்குள் கரி வேண்டாம். கம்பி சிவக்கும் ஹீட்டருக்கு முன்னால் பூனையைத் தனியாக விட்டுப் போகவும் கூடாது. ரோமம் பொசுங்கிய பிறகுதான் அது நகரும்.

சாப்பாட்டில் நம் வீடுகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. சைவக் குடும்பங்களில் பூனைக்குத் தயிர்ச்சாதமும் பாலும்தான். இதில் கோபித்துக்கொள்ள வேண்டாம். பூனை மாமிசப் பிராணி. டாரின் என்ற சத்து அதற்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும். அது இல்லாமல் மாதக்கணக்கில் போனால் கண் பார்வை போகும், இருதயம் பலவீனப்படும். எலி பிடித்து ஈடு செய்துகொள்ளும் என்றால், குளிரில் ஒடுங்கிய பூனை எத்தனை எலி பிடிக்கும்? வீட்டில் மாமிசம் புழங்க மனமில்லையானால் கடையில் விற்கும் பூனைத் தீனி பாக்கெட்டைக் கொட்டி வைப்பதில் ஆசாரம் கெடாது என்பது என் அபிப்பிராயம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாகாமல் வயிற்றுப்போக்கு கண்டுவிடும். குளிரில் அது மேலும் ஆளைச் சாய்க்கும். சாம்பார் சாதத்தில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தையே கெடுப்பவை. வெளியே திரியும் பூனைக்கு டிசம்பர், ஜனவரியில் கொஞ்சம் கூடுதலாகவே போட வேண்டும். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அதற்கு இருக்கும் ஒரே விறகு அதுதான்.

தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. கிண்ணத்துத் தண்ணீர் பல் கூசும்படி இருந்தால் பூனை குடிக்காது. வெதுவெதுப்பாக மாற்றி மாற்றி வையுங்கள். கடுவன் பூனைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தண்ணீர் குறைந்து மூத்திரம் அடைத்துக்கொண்டால், மணலில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கிக் கத்தும். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டிருந்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அன்றைக்கே டாக்டர்.

மருந்து விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். தும்முகிறதே, உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். நம் உடம்பு அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றுகிற மாதிரி அதன் உடம்பால் முடியாது. தலைவலித் தைலம், கர்ப்பூரம் கலந்த எண்ணெய் எதையும் அதன் மேல் தடவக் கூடாது, நக்கியே உள்ளே போய்விடும். சொட்டுப் பிராந்தி வைத்தியமும் வேண்டாம். குளிரில் விறைத்துக் கிடந்தால் துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுருட்டிப் பக்கத்தில் வைத்து, மெல்லச் சூடேற்றியபடியே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். நடுக்கம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். உடம்பு சில்லென்று இருக்கையிலேயே நடுக்கம் நின்றால் நிலைமை மோசம். தீஸ் ஹஸாரியில் அரசாங்க கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ராஜா கார்டனில் 1980-ல் தொடங்கிய சஞ்சய் காந்தி விலங்குகள் பராமரிப்பு மையம் இருக்கிறது. தடுப்பூசியை, வெறிநாய்க்கடி ஊசி உட்பட, குளிர் வருமுன்னே போட்டுவிட்டால் பாதிக் கவலை இல்லை.

கார், வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுத்திய வண்டியின் என்ஜின் சூட்டுக்குப் பூனை கீழ் வழியாக ஏறிப் போய் பானெட்டுக்குள் படுத்துவிடும். காலையில் சாவி திருப்புமுன் பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு நிமிஷம் பொறுங்கள்.

இனி பொங்கல் விடுப்பு. பக்கத்து பிளாக்கில் நடந்ததாகச் சொன்னார்கள். ஒரு குடும்பம் பத்து நாள் ஊருக்குப் போயிற்று. பூனை நான்கு இரவு வாசல் கால்மிதியில் படுத்திருந்தது. மற்றவர்கள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் அங்கேயே வந்து படுத்தது. ஐந்தாம் நாள் கால்மிதி மட்டும்தான் இருந்தது. துப்புரவுத் தொழிலாளிக்கு விஷயம் தெரியும். திரும்பி வந்தவர்கள், "பார்த்தீர்களா, வேறு வீடு தேடிக்கொண்டு போய்விட்டது" என்றார்களாம். அக்கம்பக்கத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த வீட்டுப் பெண் குழந்தை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தக் காசுக்கு இன்று தெருக்கோடியில் நாலு டீ கூட வராது. ஆகவே சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்த நான் வரவில்லை.

கூடவே ரயிலில் கொண்டு போகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம். முதல் வகுப்பு ஏ.சி.யில் கூப்பே அல்லது கேபின் முழுவதும் நம் பெயரில் கிடைத்தால்தான் பிராணியை உடன் வைத்துக்கொள்ள முடியும். நம்மில் எத்தனை பேருக்கு அந்த வசதி? மற்றபடி பிரேக் வேன்தான். சென்னைக்கு 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடும் சத்தத்தில், இருட்டில், குளிரில் ஒரு பூனை.

அக்கம்பக்கம்தான் வழி. நம் காலனிகளில் பஞ்சாபி, பீகாரி, மலையாளி என்று எல்லோரும் இருக்கிறோம், எல்லோரும் ஒரே சமயத்தில் ஊருக்குப் போவதில்லை. பீகார்க்காரர் சட் பூஜைக்குப் போகிறார், மலையாளி ஓணத்துக்கு. அவர்கள் போகும்போது அவர்கள் வீட்டுச் செடிக்குத் தண்ணீர், கிளிக்குத் தானியம், பூனைக்குச் சாப்பாடு நீங்கள் பாருங்கள். தை மாதம் அவர்கள் பார்ப்பார்கள். இதற்குப் பெரிய இந்தி வேண்டியதில்லை. தனி ஆட்களாக லாட்ஜிலும் பங்கு அறைகளிலும் இருப்பவர்கள் சௌகிதாரிடம் சொல்லலாம். வாய்ப் பேச்சோடு நிற்காமல், தீனிக்கும் அவர் சிரமத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். யாரானாலும் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அவர்கள் கையால் ஒரு வேளை போடச் சொல்லிப் பழக்குங்கள். புது மனிதர் கையைப் பூனை சுலபத்தில் நம்பாது.

நடைபாதையில் மனிதர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் நகரத்தில் பூனைக்குத் தெர்மோகோல் பெட்டியா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நடைபாதை மனிதருக்குப் போர்வை கொடுக்க முடிந்தால் கொடுங்கள், ரெயின் பசேராவுக்கு வழி காட்டுங்கள். ஆனால் நான் பார்த்த வரையில், பூனைக்குப் பெட்டி வைக்காதவர் அந்தப் பெட்டியின் காசை நடைபாதைக்காரருக்குக் கொடுத்ததில்லை. மேலும், தெருவில் போகிற எல்லாப் பூனைகளையும் நான் சொல்லவில்லை. எலிக்காக நாமே கூப்பிட்டு, குழந்தைக்காக நாமே பெயர் வைத்து, நம் கதவுச் சத்தம் கேட்டு ஓடிவரப் பழக்கிய ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அது நம்மை நம்பி எலியைக் கூட மறந்துவிட்டது.

கடைசியாக ஒரு ரயில் விஷயம். ஜனவரியில் மூடுபனியால் வடக்கே வரும் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம், சில சமயம் ரத்தும் ஆகும். பக்கத்து வீட்டாரிடம் நீங்கள் திரும்பும் தேதியைச் சொல்லும்போது இரண்டு நாள் கூட்டியே சொல்லுங்கள். தீனி பாக்கெட்டும் அந்தக் கணக்குப்படி வாங்கி வைத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.