ஹிட் ஆகாத பாட்டுக்கு மார்க் கிடையாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் சண்டைக்காரப் பதிவும்கூட. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. உங்களுக்கு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

கிங்க்ஸ் என்ற லண்டன் இசைக்குழுவைப் பற்றி நான் அடிக்கடி எழுதுவது உங்களுக்குத் தெரியும். (ராஜாக்கள் இல்லை. ஆங்கிலத்தில் 'கிங்க்' என்றால் முறுக்கு, கோணல்.) என் தொல்லை தாங்காமல் பழைய மாணவர் ஒருவர் அவர்களுடைய 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு ஒன்றைக் கேட்டுவிட்டு எனக்குத் தீர்ப்பு அனுப்பியிருந்தார். முதல் சில பாட்டு அமர்க்களமாம். பிறகு வேகம் குறைந்துவிட்டதாம். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு பின்னால்தான் இவர்களுக்கு இடமாம். தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் அந்தத் தொகுப்பின்மேல்.

ஹிட் தொகுப்பை எப்படிச் செய்கிறார்கள்? விற்பனைப் பட்டியலில் எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் பிடித்தது என்று பார்த்து, மேலே வந்தவற்றை எடுத்து, பெரும்பாலும் ஆண்டு வரிசையில் அடுக்கிவிடுகிறார்கள். பீட்டில்ஸுக்கு இது சரிப்படும். அவர்களிடம் நல்ல பாட்டும் விற்ற பாட்டும் அநேகமாக ஒன்றுதான். கிங்க்ஸ் விஷயத்தில் இதே முறை பொய் சொல்கிறது. 1964இல் இடியாக வந்து, 1967க்குப் பிறகு அடங்கிப்போய், 1970இல் 'லோலா'வோடு ஒரு தடவை தலைதூக்கிய குழு என்றுதான் அதைக் கேட்பவருக்குத் தோன்றும். நடந்தது நேர் எதிர். விற்பனை எங்கே விழுந்ததோ அங்கேதான் எழுத்து உயர்ந்தது.

அந்த முதல் இடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. வட லண்டனில் மஸ்வெல் ஹில் பகுதி. ரே டேவிஸ், டேவ் டேவிஸ், அண்ணன் தம்பி. முதல் இரண்டு இசைத்தட்டும் போணியாகவில்லை. மூன்றாவது, 1964 ஆகஸ்டில் வந்த 'யூ ரியலி காட் மீ'. பதினேழு வயது டேவ் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறிவைத்திருந்தான். கிழிந்த ஸ்பீக்கரில் கிதார் உறுமியது. பிரிட்டனில் முதலிடம். பின்னால் வந்த ஹார்ட் ராக் கூட்டம், பங்க் கூட்டம் எல்லாம் அந்தக் கீறலுக்குக் கடன்பட்டவைதான். ஆனால் இதை மட்டும் வைத்துக் கிங்க்ஸை எடைபோடுவது, ஒருவருடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்து வாழ்க்கை வரலாறு எழுதுவது மாதிரி.

சரி, இவ்வளவு நல்ல குழு ஏன் பின்தங்கியது என்று கேட்பீர்கள். ரசிகர்களுக்கு ரசனை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. காரணம் அதைவிடச் சாதாரணமானது. 1965 கோடையில் அமெரிக்கா போனார்கள். போன இடமெல்லாம் தகராறு. இவர்களும் சாதுக்கள் இல்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கார்டிஃப் நகர மேடையில் டிரம்மர் மிக் ஏவரி, கையில் கிடைத்த டிரம் சாமானால் டேவின் தலையில் அடித்துத் தையல் போட வேண்டியதாயிற்று! அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம் அடுத்த பயணங்களுக்கு அனுமதி தர மறுத்தது. 1969 வரை அவர்களால் அங்கே மேடை ஏற முடியவில்லை. ராக் இசையின் பெரிய சந்தை, அதன் மிகச் செழிப்பான நாலு வருஷம், கதவு சாத்தியாகிவிட்டது. பரீட்சை ஹாலுக்குள்ளேயே விடாத பையனுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டு, அவனுக்குப் படிப்பு வராது என்று சொல்வது என்ன நியாயம்?

இந்த நாலு வருஷத்தில் ரே டேவிஸ் என்ன செய்தார்? எல்லோரும் அமெரிக்கா மாதிரிப் பாடிக்கொண்டிருந்தபோது தன் தெருவைப் பாடினார். வாடகை கொடுக்க முடியாத, கூரையில் விரிசல் விழுந்த வீட்டைப் பற்றி 'டெட் எண்ட் ஸ்ட்ரீட்'. ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, ஸ்டேஷன் கூட்டத்தையும் ஆற்றைக் கடந்துபோகும் ஒரு ஜோடியையும் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனைப் பற்றி 'வாட்டர்லூ சன்செட்'. 1967இல் இது இரண்டாம் இடத்தோடு நின்றது. 2012இல் லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் ரே வந்து பாடியது இதைத்தான். அந்த மாதம் இதைத் தாண்டி முதலிடத்தில் இருந்தது டிரெமலோஸ் குழுவின் பாட்டு. அது என்ன பாட்டு என்று உங்களில் எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்?

எல்லாவற்றையும் பீட்டில்ஸ்தான் முதலில் செய்தார்கள் என்பவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு. 1965 ஜனவரியில் ஆஸ்திரேலியா போகும் வழியில் கிங்க்ஸ் பம்பாயில் தங்கினார்கள். விடியற்காலையில் மீனவர்கள் வேலைக்குப் போகும்போது பாடிக்கொண்டே போனதைக் கேட்டதாக ரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பிறந்தது 'சீ மை ஃபிரெண்ட்ஸ்'. சித்தார் கிடையாது. கிதாரையே தம்புரா மாதிரி சுருதி பிடிக்க வைத்திருக்கிறார்கள். வெளிவந்தது ஜூலை மாதம். பீட்டில்ஸின் 'நார்வீஜியன் வுட்' அதே வருஷம் டிசம்பரில் வந்தது. (யார்ட்பேர்ட்ஸ் குழுவும் அந்தக் கோடையில் இப்படி ஒன்றை முயன்றது. அவர்களுக்கு உரியதை அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்.) 'சீ மை ஃபிரெண்ட்ஸ்' பத்தாம் இடம். ஹிட் தொகுப்பில் இடம் கிடைத்தாலும், இரண்டு உறுமல் பாட்டுக்கு நடுவே என்ன இது சோர்ந்துபோய் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

இப்போது பெரிய அநியாயத்துக்கு வருகிறேன். 1968 நவம்பர் 22. 'தி கிங்க்ஸ் ஆர் தி வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி' வெளிவந்த நாள். பதினைந்து பாட்டு. அதே நாளில் பிரிட்டனில் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பமும் வந்தது. கிங்க்ஸ் ஆல்பம் பட்டியலிலேயே ஏறவில்லை, பிரிட்டனிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. அந்த வருஷம் என்ன வருஷம் என்று நினைத்துப் பாருங்கள். பாரிஸில் மாணவர் போராட்டம், வியட்நாம் போர், எல்லா இசைக்குழுவும் புரட்சி பேசிக்கொண்டிருந்த நேரம். இவரோ பழைய புகைப்பட ஆல்பத்தைப் பற்றியும் கடைசி நீராவி ரயிலைப் பற்றியும் எழுதுகிறார். ஏதோ கிழவன் புலம்பல் என்று நினைத்திருப்பார்கள். பிரிட்டிஷ் ரயில்வே தன் முதன்மைப் பாதைகளில் நீராவி இன்ஜினை அந்த ஆகஸ்டில்தான் நிறுத்தியிருந்தது. ரே எழுதியது அன்றைய செய்தி.

அதில் 'டூ யூ ரிமெம்பர் வால்டர்' என்று ஒரு பாட்டு. பள்ளிக்கூடத்து நண்பன் வால்டரை நினைத்துப் பார்க்கிறார் ஒருவர். சேர்ந்து உலகத்தை எதிர்ப்போம் என்று சபதம் போட்டவன் இப்போது குண்டாகி, கல்யாணமாகி, ராத்திரி சீக்கிரமே படுத்துவிடுவானோ என்று சந்தேகம். நேரில் பார்த்தால் பேச ஒன்றும் இருக்காதோ என்று பயம். நம் பழைய மாணவர் சந்திப்புக்கு வந்து, தொப்பையைத் தடவிக்கொண்டு, ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் விழித்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் பேசுங்கள். இரண்டரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு. இதை எந்த ஹிட் தொகுப்புக்காரர் சேர்ப்பார்?

அந்த ஆல்பத்தின் 'பிக்சர் புக்' 2004இல் எச்பி பிரிண்டர் விளம்பரத்தில் வந்து புதுத் தலைமுறைக்குத் தெரிந்தது. பிரிட்டனில் ஒரு லட்சம் பிரதி விற்றதற்கான தங்கச் சான்றிதழ் 2018இல் கிடைத்தது, சரியாக ஐம்பது வருஷம் கழித்து. அதே 1968இல் தனியாக வந்த 'டேஸ்' பாட்டின் கதை இன்னும் வேடிக்கை. அப்போது பிரிட்டனில் 12ஆம் இடம். 1989இல் கர்ஸ்டி மக்கால் என்ற பாடகி மறுபடி பாடினார். அப்போதும் 12ஆம் இடம்தான்!

ஆகவே தொகுப்பே கூடாது என்கிறேனா? இல்லை. தொகுப்பது ஒரு விமர்சன வேலை. அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1972இல் அமெரிக்காவில் 'தி கிங்க் கிரானிக்கிள்ஸ்' என்று இரட்டை இசைத்தட்டு வந்தது. ஜான் மெண்டெல்சன் என்ற விமர்சகர் தேர்ந்தெடுத்த 28 பாட்டு, 1966 முதல் 1971 வரை. 'யூ ரியலி காட் மீ' அதில் கிடையாது! முதல் இரண்டு வருஷ ஹிட் ஒன்றுகூடக் கிடையாது. கதவு சாத்தியிருந்த காலத்தில் அமெரிக்கர்கள் தவறவிட்டதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். விற்காத பாட்டையும், இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒளிந்திருந்த பாட்டையும் 'லோலா'வுக்குச் சமமாக உட்காரவைத்தார். தொகுப்பு என்றால் எனக்கு அதுதான். பிறகு 2023இல் 'தி ஜர்னி' இரண்டு பாகமாக வந்தது. ரே, டேவ், மிக் ஏவரி மூவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. அதிலும் ஆண்டு வரிசை இல்லை, வாழ்க்கையின் கட்டங்களை வைத்துப் பாட்டுகளைப் பிரித்திருக்கிறார்கள். கிரானிக்கிள்ஸ் அளவுக்கு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உறுமலும் முணுமுணுப்பும் ஒரே ஆளுடையவை என்பது அதைக் கேட்கும்போது புரியும்.

எழுபதுகளின் நடுவில் வந்த 'பிரிசர்வேஷன்' நாடக ஆல்பங்களை முழுதாகக் கேட்க என்னாலும் முடியவில்லை. அங்கே யாராவது கத்தரிக்கோல் எடுத்தால் நன்றி சொல்வேன். 1972இன் 'செல்லுலாய்ட் ஹீரோஸ்', எண்பதுகளின் 'கம் டான்சிங்' இரண்டையும் மட்டும் வெட்டாமல் விடட்டும். இரண்டாவது, நடன அரங்கில் ஆடிக்கொண்டிருந்தபோதே உயிர்விட்ட அக்கா ரெனேயின் நினைவில் ரே எழுதியது. அவருக்கு முதல் கிதார் வாங்கிக் கொடுத்தவர் அந்த அக்கா.

தம்பி, உனக்கு வீட்டுப்பாடம் ஒன்று தருகிறேன். அந்த ஹிட் தொகுப்பை மூடிவை. 1969இல் வந்த 'ஷாங்ரி-லா'வைக் கேள். தனிப்பாட்டாக வந்து பட்டியலின் வாசலைக்கூட மிதிக்காத பாட்டு. கடன் வாங்கி வீடு கட்டி, அதற்கு ஒரு சொர்க்கத்தின் பெயர் வைத்து, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் ஆடும் மனிதன். முதலில் கிண்டல் மாதிரித்தான் இருக்கும். நடுவில் பித்தளை வாத்தியங்கள் நுழைந்து சத்தம் ஏறும்போது, இவர் அவனைக் கேலி செய்கிறாரா, அவனுக்காக அழுகிறாரா என்று தெரியாது. ஐந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். வீட்டுக் கடன் தவணை கட்டும் தேதியில் மட்டும் வேண்டாம், வேறு எந்த நாளிலும் கேட்கலாம்.