இது கழுத்து வலிக்கு அல்ல

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வைப்ரேட்டர் பற்றிய பதிவு. கழுத்து வலிக்கு வைத்துக்கொள்ளும் மசாஜர் பற்றியது அல்ல. பெண்கள் தங்கள் சுகத்துக்காக வாங்கி, துணி அலமாரியில் கடைசித் தட்டில், பழைய சுடிதாருக்குள் சுருட்டி வைக்கும் அதே சமாசாரம்தான். முகம் சுளிப்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம், கோபமில்லை. "ஒரு தமிழ்ப் பொண்ணு இதையெல்லாம் எழுதலாமா?" என்று கேட்க வருபவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே பதில்: எழுதலாம். 39 வயசாகிறது, ஒழுங்காக வருமான வரி கட்டுகிறேன் :-)

என் சண்டை யாரோடு என்றால், ஒரு பொய்ப் பெயரோடு.

புனேவில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. வைப்பர் மோட்டார், ஜன்னல் கண்ணாடி ஏற்றும் மோட்டார் என்று எது மேஜைக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். எதனால் செய்தது? எப்படிப் பயன்படுத்தணும்? எப்போ நிறுத்தணும்? வீட்டுக்கு மிக்ஸி வாங்கினால்கூட ஆறு மொழியில் ஒரு புத்தகம் வருகிறது. ஈரக் கையால் தொடாதே, ஜாரை ரொம்ப நிரப்பாதே, சூடானால் நிறுத்து. ஆனால் உடம்பின் மிக மென்மையான இடத்தில் வைக்கும் மோட்டாருக்கு வருவது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே அதைத் தோள்பட்டையில் வைத்திருப்பாள்.

தோளுக்கு என்று சொல்லி விற்றால், தோளுக்கான விளக்கம்தான் வரும். பெயரில் இருக்கும் பொய் நேராக உடம்பில் வந்து விழுகிறது. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

உதாரணம் சொல்கிறேன். என் அலுவலகத் தோழி, திருச்சிக்காரி, இதை எழுத அவளே சம்மதித்தாள். விலை மலிவு என்று ஜெல்லி மாதிரி கொழகொழவென்று இருக்கும் ஒன்றை வாங்கினாள். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் செருப்பு வாசனை. நாலு நாளில் எரிச்சல், தடிப்பு. இங்கே ஒரு கிளினிக்குக்குப் போனாள். டாக்டரம்மாவின் முதல் கேள்வி, "ஷாதி ஹோ கயீ?" இல்லை என்றாள். அதோடு பரிசோதனை முடிந்தது. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவளும் காரணத்தைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. "எப்படிக்கா வாயைத் திறந்து சொல்றது?" என்றாள் என்னிடம். படித்த பெண், மாதம் லட்ச ரூபாய் சம்பளம், மூன்று வாரம் எரிச்சலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இதற்குப் பெயர் கலாச்சாரமாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

வைப்ரேட்டர் என்ற சொல்லே குற்றவியல் சட்டத்தில் கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 292, ஜூலை 2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 294. இரண்டும் ஆபாசப் பொருளை விற்பது, பரப்புவது, அதற்காக வைத்திருப்பது பற்றித்தான் பேசுகின்றன. உங்கள் அலமாரியில் உங்களுக்காக இருப்பதைப் பற்றி அல்ல. ஆனால் எது ஆபாசம் என்பது யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. அந்தப் பயத்தில்தான் கடைக்காரர்கள் "பர்சனல் மசாஜர்" என்று முகமூடி போடுகிறார்கள்.

சுங்கத்துறையில் இதே கூத்து. இறக்குமதியான பாடி மசாஜர்களை, பாலுறவுப் பொம்மையாகவும் பயன்படுத்தலாம் என்று சொல்லி, 1964-ஆம் வருஷத்து அறிவிக்கை ஒன்றைக் காட்டிப் பறிமுதல் செய்தார்கள். அந்த அறிவிக்கை ஆபாசப் புத்தகம், படம் வகையறாவைத் தடுக்க வந்தது. வழக்கு மும்பை உயர்நீதிமன்றம் வரை போய், 2024 மார்ச்சில் துறை தோற்றது. இப்படியும் பயன்படுத்தலாம் என்பது அதிகாரியின் சொந்தக் கற்பனை என்றே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஜெயித்தது யார்? மசாஜர்தான். வைப்ரேட்டர் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது.

முகமூடி ஒன்றும் புதுசில்லை. 1880-களில் ஜோசப் மார்ட்டிமர் கிரான்வில் என்ற ஆங்கிலேய மருத்துவர் மின்சார வைப்ரேட்டரை உருவாக்கியது தசை வலிக்கும் நரம்பு வலிக்கும். அந்தக் காலத்து டாக்டர்கள் பெண்களின் ஹிஸ்டீரியாவைக் குணமாக்க இதைப் பயன்படுத்தினார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றுகிறது அல்லவா? 1999-இல் வந்த ஒரு புத்தகம் பரப்பிய கதை அது. ஆதாரம் இல்லை என்று 2018-இல் இரண்டு ஆய்வாளர்கள் மூல நூல்களைப் புரட்டிக் காட்டிவிட்டார்கள். ஆக, பெண்ணின் சுகம் என்றாலே ஒன்று வைத்தியம் ஆகணும், இல்லை ஜோக் ஆகணும். 2018-இல் வந்த 'வீரே தி வெட்டிங்', 'லஸ்ட் ஸ்டோரீஸ்' இரண்டிலும் இது வந்தது. இரண்டிலும் மாட்டிக்கொள்வதுதான் காமெடி.

நிற்க. புலம்பினது போதும். அந்தத் துண்டுச் சீட்டில் இருந்திருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

பொருள். சிலிக்கான், ஏபிஎஸ் எனும் கெட்டி பிளாஸ்டிக், துருப்பிடிக்காத எஃகு, இவை நல்லது. மேற்பரப்பில் நுண்துளை இல்லை, கழுவினால் சுத்தமாகும். ஜெல்லி ரகங்கள் பெரும்பாலும் மென்மையாக்கிய பிவிசி. மென்மைக்காகத் தாலேட் என்ற ரசாயனம் சேர்ப்பதுண்டு, நுண்துளைகளில் கிருமி தங்கும். கடும் வாசனை, பிசுபிசுப்பு இருந்தால் குப்பைத்தொட்டிதான். இவற்றுக்கென்றே 2021-இல் ஐஎஸ்ஓ 3533 என்று ஓர் உலகத் தரநிலை வந்துவிட்டது. மசாஜர் என்று சொல்லிக்கொண்டு விற்பவர் அதை எப்படிக் காட்டுவார்?

இடம். பெரிசாக, நீளமாக வாங்கி உள்ளே செலுத்த வேண்டும் என்பது ஆண்கள் கற்பனை. பல பெண்களுக்கு உச்சம் வருவது கிளிட்டோரிஸ் வழியாக, அதாவது யோனி வாசலுக்கு மேலே, மூத்திரத் துவாரத்துக்கும் மேலே இருக்கும் சின்ன மொட்டு வழியாக. வெளியே தெரிவது நுனிதான். உள்ளே இரண்டு பக்கமும் கிளை பிரிந்து போகிறது என்று ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-இல் விளக்கமாக எழுதினார். அதில் 8,000 நரம்பிழை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது மாட்டை வைத்து வந்த கணக்காம்! மனித நரம்பை எடுத்து எண்ணி, 10,000-க்கும் மேல் என்று சொன்னது 2022-இல்தான். நிலாவுக்குப் போய் ஐம்பது வருஷம் கழித்து. ஆகவே முதல் தடவை வாங்குபவர்கள் வெளியே வைக்கும் சின்ன ரகம் வாங்கினால் போதும்.

முறை. ஒண்ணுக்குப் போய்விட்டு வாருங்கள், அடிவயிறு முட்டாது. கதவைத் தாழ்போடுங்கள். "யாராவது வந்துடுவாங்களோ" என்ற நினைப்பு இருக்கும்வரை எந்த மோட்டாரும் வேலை செய்யாது. ஆகக் குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள். முதலில் தொடையில், அடிவயிற்றில், பிறகு உள்ளாடை மேலேயே. நேராக நுனியில் வைத்தால் பலருக்குக் கூசும், வலிக்கும். பக்கத்தில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். அழுத்தாதீர்கள். மோட்டார்க்காரி சொல்கிறேன், கேளுங்கள்: இதற்குள் இருப்பது பெரும்பாலும் செல்போனில் இருப்பதைப் போல ஒரு பக்கம் எடை தொங்கும் குட்டி மோட்டார். அழுத்தினால் அதிர்வு அடங்கும், அடங்குகிறதே என்று இன்னும் அழுத்துவீர்கள், கடைசியில் மரத்துப் போவதுதான் மிச்சம். ரொம்ப தூரம் ஸ்கூட்டர் ஓட்டினால் உள்ளங்கை மரக்கிறதே, அந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். எடுத்து வைத்துவிட்டு மூச்சு விடுங்கள். முதல் நாளே உச்சம் வராவிட்டால் ஃபெயில் ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. இது பரீட்சை இல்லை.

வழுவழுப்பு. வறண்ட தோலில் எதையும் தேய்க்காதீர்கள். மருந்துக்கடையில் தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் ஜெல் கிடைக்கும், வாசனை, சுவை சேர்க்காததாக வாங்குங்கள். சிலிக்கான் ஜெல் சிலிக்கான் கருவியைக் கெடுக்கும். நம் ஊர் சர்வரோக நிவாரணியான தேங்காய் எண்ணெய் லேடக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும். தலைவலித் தைலம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பக்கத்திலேயே வராதீர்கள். ஏன் என்று விளக்கணுமா? குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் வறட்சி சகஜம். எரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், சிகிச்சை இருக்கிறது.

ஆசனவாய் பக்கம் என்றால், அடிப்பகுதி அகலமாக இருக்கும் கருவி மட்டும்தான். இல்லையென்றால் உள்ளே போய்விடும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். அங்கே வைத்ததைக் கழுவாமல் முன்பக்கம் கொண்டுவரவே கூடாது. சமையலறைச் சாமான்கள் எந்தப் பக்கத்துக்கும் வேண்டாம்.

சுத்தம். பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் வாசனையில்லாத மென்சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். கிருமிநாசினி ஊற்றாதீர்கள், மிச்சம் தங்கி எரியும். பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். இல்லையென்றால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நன்றாகக் காயவைத்துத் துணிப்பையில் போடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள், சார்ஜில் இருக்கும்போது பயன்படுத்தாதீர்கள். மற்றவரோடு பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் புது ஆணுறை போடணும்.

எப்போது கூடாது. வலி, ரத்தம், எரிச்சல், தொற்று இருந்தால் நிறுத்துங்கள். பிரசவத்துக்குப் பின் மருத்துவர் சரி சொல்லும்வரை பொறுங்கள். கர்ப்பத்தில் நஞ்சு கீழே இருக்கிறது, உறவு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இதுவும் வேண்டாம். எதை உள்ளே வைத்தாலும் தசை இறுக்கி மூடிக்கொள்கிறது என்றால் அதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். உங்கள் குற்றமில்லை, சரிசெய்யக்கூடியது.

அவ்வளவுதான். இதில் எங்கே ஆபாசம் இருக்கிறது, சொல்லுங்கள்?

இனி வழக்கமான கேள்விகள்.

"நரம்புத் தளர்ச்சி வராதா?" வாலிப வயோதிக அன்பர்களே என்று கூப்பிட்டு, சுய இன்பத்தால் நரம்பு போச்சு, வாழ்க்கை போச்சு என்று லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்த்தார்களே, அந்தக் கூட்டம் கிளப்பிய பயம் இது. அதிலும் கவனியுங்கள், அழைப்பு ஆண்களுக்கு மட்டும்தான். எங்களைப் பயமுறுத்தக்கூட யாரும் கூப்பிடவில்லை! அமெரிக்காவில் 18 முதல் 60 வயது வரையிலான சுமார் 2,000 பெண்களிடம் இந்தியானா பல்கலைக்கழகத்தார் கேட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 52.5 சதவீதம் பேர் வைப்ரேட்டர் பயன்படுத்தியவர்கள். அவர்களில் 71.5 சதவீதம் பேருக்கு எந்தப் பக்கவிளைவும் வந்ததே இல்லை. வந்தவர்களுக்கும் பெரும்பாலும் தற்காலிக மரப்புதான்.

"கன்னித்திரை?" சிலருக்கு அது பிறவியிலேயே கண்ணுக்குத் தெரியாது, சிலருக்குப் பிரசவம் வரை கிழியாது. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இரண்டு விரல் சோதனை செய்பவர்கள் தவறிழைத்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று உச்சநீதிமன்றமே 2022-இல் சொல்லிவிட்டது. நீங்கள் அந்தச் சோதனையை மனசுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

"புருஷனுக்கு அவமானம் இல்லையா?" மூக்குக்கண்ணாடி போட்டால் கண்ணுக்கு அவமானமா? இதைச் சொன்னால் கோபப்படும் கணவர்கள், கிளிட்டோரிஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து காட்டட்டும். பிறகு பேசலாம்.

விற்பவர்களுக்கும் ஒன்று. ரோஸ் கலர் டப்பா, பத்து விதமான அதிர்வு, விடுதலை, சுயகாதல் என்று வசனம் எல்லாம் இருக்கிறது. எதனால் செய்தது என்று ஒரு வரி இல்லை. விடுதலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் மூலப்பொருளை அச்சிடுங்கள். டாக்டர்களுக்கும் ஒன்று. "கல்யாணம் ஆச்சா" என்பது நோயறியும் கேள்வி அல்ல. "என்ன பயன்படுத்தினீங்க?" என்பதுதான் கேள்வி. அதை முகம் மாறாமல் கேட்டிருந்தால் என் தோழிக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

பெயரைச் சொல்லி விற்கட்டும், பெயரைச் சொல்லி வாங்குவோம், பெயரைச் சொல்லி மருத்துவரிடம் பேசுவோம். அதற்குள் வானம் இடிந்து விழாது.

பி.கு: ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தால் 'டிராவல் லாக்' போட்டு வையுங்கள், பல ரகங்களில் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். பேட்டரி போட்டு ஓடுவது என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். நடுராத்திரி ரயிலில் மேல் பெர்த்துப் பை தானாக உறும ஆரம்பித்தால், அப்போது கழுத்து வலி என்று சொல்ல வேண்டியதாகிவிடும் :-)