ஓசி கிரிக்கெட்டுக்கு வேட்டு வைத்தது யார்?
ரூ.23 ஆயிரம் கோடி ஏலமும் 2 கம்பெனி கல்யாணமும்!

சென்னை:
செல்போனில் 2 வருஷம் ஓசியாக ஓடிய ஐ.பி.எல். கிரிக்கெட், 2025-ல் காசு கேட்டது. கொஞ்ச நேரம் ஆட்டம் தெரியும். அப்புறம் "சந்தா கட்டு" என்று திரை மறித்து நிற்கும்.

டோனி மட்டையோடு இறங்குகிற நேரம் பார்த்து படம் நின்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

இலவசம் ஏன் வந்தது? ஏன் போச்சு? இதன் பின்னணியில் 2 பெரிய கம்பெனிகளின் பலத்த மோதல் இருக்கிறது.

ஏலத்தில் கைமாறியது

முன்பு செல்போனில் ஐ.பி.எல். காட்டி வந்தது ஹாட்ஸ்டார். அது டிஸ்னி கம்பெனி வசம் இருந்தது.

2022 ஜூன் மாதம், அடுத்த 5 வருஷத்துக்கான ஒளிபரப்பு உரிமையை கிரிக்கெட் வாரியம் ஏலம் விட்டது. மொத்தம் ரூ.48 ஆயிரத்து 390 கோடிக்குப் போனது!

டெலிவிஷன் உரிமையை ரூ.23 ஆயிரத்து 575 கோடிக்கு டிஸ்னி ஸ்டார் பிடித்தது. செல்போன், இன்டர்நெட் உரிமையை ரூ.23 ஆயிரத்து 758 கோடிக்கு ரிலையன்ஸ் தரப்பின் வயாகாம்-18 தட்டிச் சென்றது. ஹாட்ஸ்டார் கோட்டை விட்டது.

2 கோடி பேர் ஓட்டம்

2022 அக்டோபர் தொடக்கத்தில் ஹாட்ஸ்டாருக்கு 6 கோடியே 13 லட்சம் சந்தாதாரர்கள். 2023 ஜூலை தொடக்கத்தில் எண்ணினால் 4 கோடியே 4 லட்சம்தான்! ஒன்பதே மாசத்தில் 2 கோடி பேருக்கு மேல் கழன்று விட்டார்கள்.

எச்.பி.ஓ. தொடர்களும் இடையில் கைவிட்டுப் போனது உண்மை. ஆனாலும் பெரிய அடி கிரிக்கெட்தான். ஆட்டத்துக்காக வந்த கூட்டம், ஆட்டத்தோடு போயிடுச்சு.

போட்டி போட்டு ஓசி

2023 ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோ சினிமா இலவசமாகவே காட்டியது. விட்டதா ஹாட்ஸ்டார்? அதே வருஷம் ஆசியக் கோப்பை, உலகக் கோப்பை ஆட்டங்களை செல்போனில் இலவசமாகத் திறந்து விட்டது. நவம்பர் 19-ந்தேதி நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஒரே சமயத்தில் 5 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள்!

கூட்டம் சரி, கல்லாப்பெட்டி? ஓசி ஆட்டத்துக்கு விளம்பரக் காசுதான் வரவு. கொட்டிய ஆயிரம் ஆயிரம் கோடிகளை அதை மட்டும் வைத்து எடுப்பது லேசான காரியமா?

எதிரிகள் சம்பந்தி ஆனார்கள்

2024 பிப்ரவரி 28-ந்தேதி இரு தரப்பும் கை குலுக்கின. சேர்ந்த கம்பெனியின் மதிப்பு ரூ.70 ஆயிரத்து 352 கோடி. ரிலையன்ஸ் ரூ.11 ஆயிரத்து 500 கோடி போட்டது. போட்டி ஆணையம் சில நிபந்தனைகளோடு ஆகஸ்டில் சம்மதம் தந்தது. நவம்பரில் இணைப்பு முடிந்தது.

2025 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று ஜியோ ஹாட்ஸ்டார் பிறந்தது. செல்போன் சந்தா, விளம்பரத்தோடு 3 மாசத்துக்கு ரூ.149 என்று ஆரம்பித்தார்கள். ரீசார்ஜ் செய்தால் சந்தா இலவசம் என்று ஜியோ சலுகையும் கொடுத்தது. அதுவும் ரீசார்ஜ் காசில் அடக்கம்தானே!

எதிர்க்கடை எங்கே?

ரூ.149-ஐ நாள் கணக்கு போட்டால் 2 ரூபாய்கூட ஆகாது. இதற்கா கூச்சல் என்று கேட்கலாம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இரண்டு கடை சண்டை போட்டபோது ஜனங்களுக்கு ஓசியில் கிடைத்தது. இரண்டும் ஒரே கடையான மறு சீசனே பில் வந்துவிட்டது. இனி விலையை ஏற்றினால், ஐ.பி.எல். பார்க்க எந்த எதிர்க்கடைக்குப் போவது?

இப்போதைய உரிமை 2027 சீசனோடு முடிகிறது. அடுத்த ஏலத்தில் எதிர்த்துக் கேட்க பலமான ஆள் வந்தால்தான் ரசிகர்களின் பர்ஸ் பிழைக்கும்.

அதுவரை ஒரு எச்சரிக்கை. சந்தா தானாகப் புதுப்பிக்க சம்மதம் கொடுத்திருந்தால், சீசன் முடிந்ததும் ஞாபகமாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்த பிறகும் பேங்க் கணக்கில் விக்கெட் விழும்!