வீரம் ஓர் உதிரிபாகமா?

போர்க்கருவிகளைப் பற்றிப் பேசும்போது அவற்றின் வேகத்தையும் வலிமையையும் வியந்து போற்றுகிறோம். அவற்றுக்குள் அமர்ந்திருந்த மனிதன் என்ன ஆனான் என்று கேட்க மறந்துவிடுகிறோம். இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இந்த மறதி எனக்குக் கவலை அளிக்கிறது. அதற்கு ஒரு பழைய கருவியைச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், ஒரே ஒருவர் செலுத்தும் 'பீபர்' என்ற குறுநீர்மூழ்கியை ஜெர்மானியக் கடற்படை உருவாக்கியது. நீளம் ஏறத்தாழ 9 மீட்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டார்பிடோக்கள். 1944இல் தொடங்கி 300க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன.

இதன் பிறப்பே நமக்கொரு பாடம். 1943 நவம்பரில் பிரிட்டனின் 'வெல்மன்' என்ற ஒருவர் நீர்மூழ்கிகள் நான்கு, நார்வேயின் பெர்கன் துறைமுகத்தைத் தாக்க முயன்று தோற்றன. அவற்றுள் ஒன்று ஜெர்மானியர் கையில் சிக்கியது. அதை முன்மாதிரியாகக் கொண்டே ஹான்ஸ் பார்டெல்ஸ் என்ற கடற்படை அதிகாரி பீபரை வடிவமைத்தார். தோற்ற கருவியிடம் தோல்வியின் காரணத்தையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

உள்ளே இருந்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். திசை பார்ப்பது, ஆழத்தைக் காப்பது, எதிரியைத் தேடுவது, டார்பிடோவை ஏவுவது என எல்லாமே அந்த ஒருவனின் வேலை. படகின் சமநிலையைச் சீர்செய்யும் தொட்டிகளும் அதில் இல்லை. அதனால் நீருக்கடியில் ஒரே ஆழத்தில் நிற்பதே பெரும்பாடு. இயந்திரமோ ஓப்பல் லாரியின் பெட்ரோல் எஞ்சின். எளிதில் கிடைத்தது, சத்தமும் குறைவு. ஆனால் பெட்ரோல் எஞ்சின் கார்பன் மோனோக்சைடை வெளியிடும் என்பது முதலாண்டு மாணவனுக்கே தெரியும். மூடிய இரும்புக் கூட்டுக்குள் அது நிறமும் மணமும் இல்லாத எமன்.

விளைவு என்ன? ஆண்ட்வெர்ப் துறைமுகம் நோக்கிச் செல்லும் கப்பல்களைத் தாக்க 1944 டிசம்பர் 22 இரவு புறப்பட்ட 18 பீபர்களில் திரும்பியது ஒன்றே. மூழ்கியது 'ஆலன் ஏ. டேல்' என்ற ஒரே சரக்குக் கப்பல். அதே மாதம் 29ஆம் நாள், 90ஆம் எண் பீபர் டோவர் கரைக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்ததைப் பிரிட்டிஷார் கண்டனர். உள்ளே இருந்தவன் நச்சுப்புகையால் இறந்திருந்தான். அவனைக் கொல்ல எதிரியின் குண்டு தேவைப்படவில்லை. அந்தப் படகு இன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கொடுமை அத்துடன் நிற்கவில்லை. குறுநீர்மூழ்கி வீரர்கள் நாள்கணக்கில் உறங்காமல் இருப்பதற்காகக் கொக்கைன் உள்ளிட்ட போதைப்பொருள்களைக் கலந்து 'டி-9' என்ற மாத்திரையை உருவாக்கினர். 1944 நவம்பரில் சாக்சன்ஹவுசன் வதைமுகாம் கைதிகளுக்கு அதைக் கொடுத்து, சுமையுடன் ஓய்வின்றி நடக்கவைத்துச் சோதித்தனர். கருவியின் குறையை மனிதன் ஈடுகட்ட வேண்டும் என்றார்கள். மனிதனின் களைப்பை மாத்திரை ஈடுகட்ட வேண்டும் என்றார்கள். அந்த மாத்திரையின் விலையைக் கைதிகள் தலையில் கட்டினார்கள்.

"போர்க்காலம், அவசரம், வேறு வழியில்லை" என்று சிலர் வாதிடலாம். சிறிய நீர்மூழ்கி என்றாலே உயிரைப் பணயம் வைப்பதுதானே என்றும் கேட்கலாம். நமக்கு அருகிலேயே அதற்குப் பதில் உண்டு. 1945 ஜூலை 31 அன்று பிரிட்டனின் 'எக்ஸ்இ-3' ஜோகூர் நீரிணைக்குள் நுழைந்து ஜப்பானியரின் 'தக்காவோ' போர்க்கப்பலைத் தாக்கியது. அதுவும் குறுநீர்மூழ்கிதான், ஆபத்தும் குறைவில்லை. ஆனால் வேலையைப் பகிர்ந்துகொள்ள அதில் நால்வர் இருந்தனர். நெடுந்தூரம் இழுத்து வரவும், பணி முடிந்ததும் ஏற்றுக்கொள்ளவும் ஒரு பெரிய நீர்மூழ்கி காத்திருந்தது. நால்வரும் உயிருடன் திரும்பினர். அங்கே திரும்பி வருவதும் திட்டத்தில் ஒரு பகுதி.

என் கருத்து இதுதான்: மனிதனின் வீரத்தை உதிரிபாகமாக எண்ணிக் கணக்கில் சேர்க்கும் வடிவமைப்பு, வடிவமைப்பே அன்று. அந்த இளைஞர்கள் போரிட்டது ஒரு கொடிய ஆட்சிக்காக; அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் தன் ஆட்களையே இப்படிச் செலவழித்த ஆட்சி பிறர் உயிரை எப்படி மதித்திருக்கும்?

நாளை நம்மில் பலர் பொறியாளர்களாகவும் மேலாளர்களாகவும் அமரப் போகிறோம். தொழிற்சாலையிலும் கட்டுமானத் தளத்திலும் "ஆள் சமாளித்துக்கொள்வான்" என்ற சொல் நம் காதில் விழும். அப்போது வரைபடத்தில் கையொப்பமிடும் முன் ஒரு கேள்வி கேட்போம்: இதற்குள் உட்காரப் போகிறவன் எந்த வழியாக வெளியே வருவான்? விடை தெரியாவிட்டால், பேனாவைக் கீழே வைப்போம்.