சிபாரிசு இல்லாதவரின் கடிதம்

தோழர்களே, திருச்சுழி, அருப்புக்கோட்டை மானாவாரிக் காட்டில் கூலிவேலை பார்ப்பவரின் பிள்ளைக்குச் சிபாரிசு செய்ய எந்த அலுவலகத்திலும் மாமா, சித்தப்பா இல்லை. முன்பின் தெரியாதவருக்கு எழுதும் மின்னஞ்சல்தான் நமக்கு வாசல். அதை ஏன் கெஞ்சி எழுத வேண்டும்?

1946 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர், நேரில் சந்தித்தேயிராத அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்கு எழுதினார். தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பினத்தார் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொன்னார். கேட்டது ஒன்றே: கறுப்பினத்தார் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் இரண்டு மூன்று படிகள். ஜூலை 31-ல் டூ பாய்ஸ் பதில் எழுதினார்.

நீங்களும் சுருக்கமாக எழுதுங்கள்: நான் யார், உங்களுடைய எந்த வேலையைப் படித்தேன், எனக்கு வேண்டியது எது. 'ஏதாவது உதவி செய்யுங்கள்' என்றால் யாருக்கும் எதுவும் செய்யத் தோன்றாது. பதில் இல்லையா? பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். கேட்பது பிச்சையல்ல.

ஜெய்பீம்.