ஓடியவை, வென்றவர்

1978ஆம் ஆண்டு மார்ச் மாதம் அலாஸ்காவின் நோம் நகரில் ஒரு விசித்திரமான வழக்கு எழுந்தது. ஐடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தில் பதினான்கு நாட்களுக்கும் மேலாகப் பனிவெளியைக் கடந்து வந்த டிக் மேக்கியும் ரிக் ஸ்வென்சனும் ஏறக்குறைய ஒரே கணத்தில் முடிவுக்கோட்டை அடைந்தார்கள். மேக்கியின் முன்னணி நாயினுடைய மூக்கு ஒரு விநாடி முந்திக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் மனித உடலைக் கணக்கில் எடுத்தால் முதலில் தாண்டியவர் ஸ்வென்சன். யாருக்கு வெற்றி? நாயின் மூக்கே கணக்கு என்று தீர்ப்பானது. மேக்கி வென்றார்.

கவனியுங்கள், மூக்கு தாண்டியது, மேக்கி வென்றார். பந்தயத்தின் நடுவர்களுக்கு யார் ஓடியது என்பதில் ஐயமே இருக்கவில்லை. ஐயமெல்லாம் எழுதுகிறவர்களுக்குத்தான். ‘ஒரு மஷரோடு ஆயிரம் மைல்’ என்ற ரீதியில் ஆண்டுதோறும் வெளியாகும் கட்டுரைகளையும் ஆவணப்படங்களையும் தொடர்ந்து வாசித்தும் பார்த்தும் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த வகைமையே ஒரு மோசடியின் மீது எழுப்பப்பட்டிருக்கிறது.

அதன் வார்ப்பு எல்லோருக்கும் தெரியும். ஆங்கரேஜில் கூட்டமும் கொண்டாட்டமுமாகத் தொடக்கம். பிறகு அலாஸ்கா மலைத்தொடரின் கணவாய், யூகான் நதியின் உறைந்த முதுகு, நார்ட்டன் கடற்கழியின் காற்று. மஷரின் தாடியில் பனி உறைகிறது. தூக்கமின்மையால் அவருக்கு மாயத்தோற்றங்கள் தெரிகின்றன. தந்தையின் மரணமோ முறிந்த மணவாழ்வோ நினைவுக்கு வருகிறது. கடைசியில் நோம் நகரத்து விளக்குகள். மனிதன் தன்னை வென்றான், சுபம். இதற்கிடையில் வண்டியை இழுத்த பதினான்கோ பதினாறோ உயிர்கள் (எண்ணிக்கை குறித்த விதி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது) நிலக்காட்சியின் பகுதியாக, பனியையும் ஊசியிலை மரங்களையும் போல, பின்னணியில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

இது வெறும் கவனக்குறைவு அன்று, இலக்கணப் பிழை. எழுவாய் இடம் மாறிவிட்டது. தமிழில் எழுதும்போது இந்தப் பிழை இன்னும் வசதியாக ஒளிந்துகொள்கிறது. நமக்குத்தான் உயர்திணை, அஃறிணை என்று இரண்டு அறைகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கின்றனவே. நாய்கள் ‘ஓடின’, மஷர் ‘வென்றார்’. ஓடியவை ஓர் அறையில், வென்றவர் மறு அறையில். நடுவில் கதவே கிடையாது. மஷர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மொழியில் ‘நடங்கள்’ என்று பொருள்படும் ‘மார்ஷே’ என்ற ஏவல் மருவி வந்தது என்பார்கள். அதாவது ஏவலிடுபவர் என்பதே அவர் பெயர். ஏவலிடுபவரைப் பின்தொடர்ந்து சென்றால் ஏவப்பட்டவற்றின் கதை எங்கிருந்து கிடைக்கும்?

‘மனித மன உறுதியின் மகத்துவம்’ என்று சிலாகிக்கும் நண்பர்கள் ஒரு நிறுத்தத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி வந்து நின்றதும் மஷர் வைக்கோலை உதறிப் பரப்புகிறார். ஒவ்வொரு நாய்க்கும் நான்கு என்று காலுறைகளைக் கழற்றுகிறார். பனியை அள்ளி அடுப்பில் உருக்கி, வெந்நீரில் இறைச்சியும் கொழுப்பும் கலந்து உணவு காய்ச்சுகிறார். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரிக்குக் குறையாமல் வேண்டும். பிறகு குனிந்து, விரலிடுக்குகளில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு பாதமாகப் பிரித்துப் பார்த்து மருந்து தடவுகிறார். மணிக்கட்டு வீங்கியிருந்தால் நீவிவிடுகிறார். அதற்குள் நாய்கள் உறங்கிவிட்டிருக்கும். மஷருக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோதான். அவர் காணும் மாயத்தோற்றங்களுக்குக் காரணம் ஆன்மிகத் தேடல் இல்லை, பணிவிடை. உண்மையில் அவர் அந்த நாய்களின் சமையல்காரர், செவிலி, கொஞ்சம் வழிகாட்டி. இப்படிச் சொன்னால் அவர் மதிப்புக் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள்தாம் அவரை நாயகனாக்குகிறார்கள்.

இந்த வகைமையில் உருப்படியான நூல் எதுவும் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1983இல் இந்தப் பந்தயத்தில் ஓடிய கேரி பால்சன் 1994இல் வெளியிட்ட ‘வின்டர்டான்ஸ்’. அதில் அவர் தன்னை ஒரு முட்டாளாகவே காட்டிக்கொள்கிறார். அறிந்தவை நாய்கள், கற்றுக்கொள்பவர் அவர். அந்நூல் நிற்பதற்குக் காரணம் இந்தத் தலைகீழாக்கம்தான். அதற்கும் முன்னால் 1903இலேயே ஜாக் லண்டன் நாயை எழுவாயாக வைத்து ஒரு நாவல் எழுதிவிட்டார். அதற்குக் கிடைத்த வெகுமதி, ‘இயற்கையைத் திரிப்பவர்கள்’ என்ற பட்டியலில் அவரையும் சேர்த்து அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே சாடியது. நாய் யோசிக்கிறது என்று எழுதினால் திரிபு. நாய்கள் ஓடிய ஆயிரம் மைலை மனிதன் வென்றதாக எழுதினால் மட்டும் யதார்த்தவாதம்!

சரி, நாயையே நாயகனாக்கிவிட்டால் போதுமா? போதாது. அதற்குச் சான்று பால்டோ.

1925 ஜனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. நெனானாவிலிருந்து 674 மைல் தூரத்தை 20 மஷர்களும் சுமார் 150 நாய்களும் தொடரோட்டமாகக் கடந்து ஐந்தரை நாட்களில் மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தை ஓட்டி வந்தவர் குன்னர் காசன், அவருடைய முன்னணி நாய் பால்டோ. பத்திரிகைகளுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பால்டோவுக்கு வெண்கலச் சிலை எழுந்தது. திறப்பு விழாவில் பால்டோவே நின்றிருந்தது. மிக நீண்ட, மிக ஆபத்தான கட்டத்தை, நார்ட்டன் கடற்கழியின் உறைபரப்பை இருட்டிலும் காற்றிலும் கடந்தது லியோன்ஹார்ட் செப்பாலாவின் நாய் டோகோ. மருந்தை எதிர்கொள்ளச் சென்றதும் திரும்பியதுமாக அது ஓடிய தூரம் 260 மைலுக்கு மேல். செப்பாலாவுக்கு அந்த வருத்தம் கடைசிவரை இருந்தது.

சிலையான பால்டோ என்ன ஆனது தெரியுமா? ஓரிரு ஆண்டுகளுக்குள் லாஸ் ஏஞ்சல்ஸில் காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டும் ஒரு மலிவான காட்சிக்கூடத்தில் கட்டிக் கிடந்தது. 1927இல் க்ளீவ்லாந்து நகரத்துப் பள்ளிக் குழந்தைகள் உள்ளிட்டோர் இரண்டாயிரம் டாலர் திரட்டி மீட்டார்கள். சிலையாக்குவதும் ஒருவகை மறதிதான் என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்றை நான் அறியேன்.

இந்த இரண்டு நாய்களைப் பற்றிய சண்டையில் எவரும் பேசாத ஒருவரை முன்வைக்கிறேன். அந்த 20 மஷர்களில் பெரும்பாலோர் அலாஸ்காவின் பூர்வகுடிகள், அதிலும் பலர் அஞ்சல் சுமப்பவர்கள். அவர்களில் ஒருவர் சார்லி எவன்ஸ். பிஷப் மவுண்டனிலிருந்து நுலாட்டோ வரை முப்பது மைல் அவர் பங்கு. உறைமூடுபனியில் அவருடைய முன்னணி நாய்கள் இரண்டும் விழுந்தன. அவற்றின் தொடையிடுக்கை மூட முயல்தோல் கொண்டுவர மறந்திருந்தார். எவன்ஸ் அவற்றை வண்டியில் ஏற்றிவிட்டு, தானே இழுவாரைப் பற்றிக்கொண்டு மற்ற நாய்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தார். நுலாட்டோவை அடைந்தபோது இரண்டு நாய்களும் இறந்திருந்தன. இந்த ஒரு காட்சியில் ஏவுபவர், ஏவப்படுபவை என்ற பிரிவினை சில மைல்களுக்கு இல்லாமல் போகிறது. எவன்ஸுக்கு நியூயார்க்கில் சிலை இல்லை. அந்த இரண்டு நாய்களின் பெயர்கூட நான் வாசித்த எந்தப் பதிவிலும் இல்லை.

(ஐடிடராட் இந்த மருந்தோட்டத்தின் நினைவாகவே தொடங்கப்பட்டது என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதுகிறார்கள். தவறு. ஜோ ரெடிங்டன் 1973இல் நோம் வரையிலான பந்தயத்தைத் தொடங்கியதற்குக் காரணம், பனியூர்திகள் வந்தபின் கிராமங்களில் நாய்கள் மறைந்துகொண்டிருந்தன என்பதும் பழைய தடம் அழிந்துகொண்டிருந்தது என்பதும். பூர்வகுடிக் கிராமங்களின் அன்றாடத்தைக் காக்க வந்த பந்தயத்துக்கு வீரகாவிய மூலம் ஒன்று தேவைப்பட்டது போலும்.)

எவன்ஸ் நாய்களை இழந்து 99 ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அதே நுலாட்டோவின் நிறுத்தத்துக்குச் சில நூறு அடிகள் முன்பாக இரண்டு வயது நாய் ஒன்று சரிந்து விழுந்து இறந்தது. அதன் பெயர் பாக். அதே பந்தயத்தில் நான்கு வயதான ஜார்ஜும் மூன்று வயதான ஹென்றியும் இறந்தன. அந்த ஆண்டைப் பற்றி இப்போது எவரிடம் கேட்டாலும் என்ன சொல்வார்கள்? டல்லஸ் சீவி ஆறாவது முறை வென்று சாதனை படைத்தார் என்பார்கள். வழியில் மூஸ் என்னும் பெருமான் ஒன்று அவருடைய நாய்களைத் தாக்கியபோது அதைச் சுட்டுக் கொன்றதையும், விதிப்படி அதன் குடலை முறையாக அகற்றவில்லை என்று இரண்டு மணி நேரம் தண்டிக்கப்பட்டதையும் சுவையாகச் சொல்வார்கள். நல்ல கதைதான், நானும் ரசித்தேன். ஆனால் கதை எப்போதும் அங்கேயே போய் நிற்கிறது. 2025இல் பனி போதாமல் தொடக்கத்தை ஃபேர்பாங்க்ஸுக்கு மாற்றினார்கள், பந்தயம் 1,128 மைலாக நீண்டது, ஜெஸ்ஸி ஹோம்ஸ் வென்றார். அந்த ஆண்டும் ஒரு நாய் இறந்தது, வென்டானா. அது கருவுற்றிருந்தது பிறகுதான் தெரிந்தது.

இங்கேயும் விதிப்புத்தகம் எழுத்தாளர்களைவிட நேர்மையாக இருக்கிறது. நாய் இறந்தால், தவிர்க்கவே முடியாத புறக்காரணம் இருந்தாலன்றி, அந்த மஷர் விலகிவிட வேண்டும். அந்த மூவரும் விலகினார்கள். நாய் போனபின் மஷருக்குப் பந்தயம் இல்லை என்பதே இதன் பொருள். நம் கட்டுரையாளர்களோ அந்த இடத்தில் கேமராவை இன்னொரு மஷர் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். வண்டிகளில் பொருத்திய ஜிபிஎஸ் கருவியின் புண்ணியத்தில், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் பல இரவுகள் பார்த்திருக்கிறேன். புள்ளிக்கு மஷரின் பெயர். புள்ளி நின்றுவிட்டால் ‘விலகினார்’ என்று ஒரு சொல். என்ன நடந்தது என்று புள்ளி சொல்லாது.

பந்தயத்தையே தடை செய்யச் சொல்பவர்கள் என் கட்சியில் சேர வந்தால் அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. அவர்களுக்கு நாய்கள் எல்லாம் அடிமைகள், மஷர்கள் எல்லாம் கொடியவர்கள். பந்தயத்தின் தொடக்கத்தைப் பார்த்த எவரும், நங்கூரமிட்ட வண்டியை இழுத்துத் துள்ளிக் குரைக்கும் அந்த நாய்கள் ஓட விரும்பவில்லை என்று சொல்ல முடியாது. தொலைதூர ஓட்டத்தில் முதல் சில நாட்களுக்குப் பிறகு அவற்றின் உடல் தன் எரிபொருள் முறையையே மாற்றிக்கொள்கிறது என்று ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேவிஸ் போன்றோர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். மனிதனை நொறுக்கும் உழைப்புக்கு நாய் பழகிக்கொள்கிறது. இருட்டில், பனிப்பரப்பின் மீது, ஏவலை மறுத்து வேறு பக்கம் திரும்பி வண்டியைக் காப்பாற்றும் முன்னணி நாய்களைப் பற்றி மஷர்கள் எல்லோரும் சொல்வார்கள். இந்த அறிவையும் திறனையும் ‘அடிமை’ என்ற ஒற்றைச் சொல்லால் துடைத்தெறிவதும் நாயை அஃறிணை அறையில் பூட்டுவதுதான்.

ஆனால் ‘நாய்கள் ஓட விரும்புகின்றன’ என்ற வாசகத்தைக் கேடயமாக்குபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓட விரும்புகின்றன, ஒப்புக்கொள்கிறேன். 1,049 மைல் ஓட விரும்புகின்றனவா? பந்தயத்தின் அதிகாரபூர்வத் தூரமாக நெடுங்காலம் சொல்லப்பட்ட அந்த எண்ணில் உள்ள 49, அளந்து வந்ததன்று. அலாஸ்கா ஐக்கிய அமெரிக்காவின் 49ஆவது மாநிலம் என்பதற்காகச் சேர்த்தது. ஓட்டம் நாயினுடையது, எண் நம்முடையது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பாக் விழுந்தது. அதைப் பற்றி எழுத வக்கில்லாத எழுத்து எனக்கு வேண்டாம்.

எழுத வேண்டியது வேறெங்கோ கிடக்கிறது. தோள் பிடித்துக்கொண்ட, மணிக்கட்டு வீங்கிய, அல்லது போதும் என்று வெறுமனே அமர்ந்துவிட்ட நாய்களை மஷர்கள் வழியிலுள்ள நிறுத்தங்களில் விட்டுச் செல்வார்கள். முன்பு ‘கைவிடப்பட்டவை’ என்ற பொருளில் ஒரு சொல்லால் குறித்தார்கள், இப்போது ‘திருப்பி அனுப்பப்பட்டவை’ என்கிறார்கள். குறைந்தது ஐந்து நாய்களோடு நோமை அடைந்தால் போதும் என்பது விதி. ஆகவே ஓடத் தொடங்கியவற்றில் கணிசமானவை முடிவுக்கோட்டைக் காண்பதில்லை. அவற்றைச் சிறு விமானங்களில் ஏற்றி ஆங்கரேஜுக்கு அனுப்புவார்கள். பல ஆண்டுகள் அங்கிருந்து அருகிலுள்ள ஈகிள் ரிவரின் ஹைலாண்ட் மவுண்டன் சிறைக்கு அவை கொண்டுசெல்லப்பட்டன. மஷரின் வீட்டார் வந்து அழைத்துப் போகும்வரை அந்தச் சிறையின் பெண் கைதிகள்தாம் அவற்றுக்கு உணவிட்டு, வைக்கோல் மாற்றி, உடலைத் தேய்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தார்கள். மஷர்களின் தாடிப்பனியைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் வாசித்துவிட்டேன். அந்த முற்றத்தில் ஒரு பிற்பகலைப் பற்றி ஒரு பக்கம்கூட எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.