பெறுவதற்கு மட்டுமா அனுமதி?

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விபத்தில் மரித்த ஒருவர் தம் வாழ்நாளில் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்திராவிடின், அவருடைய சிறுநீரகங்களை எடுத்து நோயாளிகளுக்குப் பொருத்தலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். முஸ்லிம்களுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. நம் சமுதாயத்தின் மார்க்க உணர்வை மதித்துச் செய்த ஏற்பாடு என்று அதனை நாம் வரவேற்கலாம். ஆனால் அதே சட்டம் மற்றொன்றையும் சொல்லிற்று. கொடுக்க மறுத்தவர், பின்னொரு நாள் பெறவேண்டிய நிலைக்கு ஆளானால், வரிசையில் பின்னால்தான் நிற்கவேண்டும். விலக்குப் பெற்ற முஸ்லிமும், தாமாக முன்வந்து உறுதிமொழி எழுதிக் கொடுத்திராவிட்டால், அந்தப் பின்வரிசையிலேயே நிறுத்தப்பட்டார்.

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் வரை இந்த நிலை நீடித்தது. சிறுநீரகச் செயலிழப்பு அந்நாட்டு மலாய் முஸ்லிம்களிடையே பிற இனத்தாரைவிட மிகுதி. நீரிழிவு நோயே அதற்குப் பெருங்காரணம். தேவை எவரிடம் மிகுந்திருந்ததோ, அவர்களே வரிசையின் கடைசியில் நின்றார்கள். வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடப்பதென்றால் என்னவென்று, நம் குடும்பங்களிலும் பலர் இன்று அறிவர்.

அந்த விதி நியாயமானதா? மார்க்கத் தீர்ப்புக்குக் காத்திருந்த சாமானிய நோயாளியைத் தண்டிப்பது போன்ற விதி அது என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும் அது எழுப்பிய கேள்வியை நாம் தள்ளிவிட இயலாது. நம் பிள்ளைக்குச் சிறுநீரகம் கிடைக்கிறது என்றால், அது எவருடையது என்று கேளாமல் கையொப்பமிடுகிறோம். நம் வீட்டு மையித்திடம் கேட்கப்படும்போது மட்டும் மார்க்கம் நம் நினைவுக்கு வருகிறது. உறுப்பு மாற்றத்தை மறுத்த பழைய உலமாப் பெருமக்கள் இவ்வாறு இருமுகமாய்ப் பேசவில்லை. கராச்சி முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் 1960களில் அதனைக் கூடாது என்று எழுதியபோது, கொடுப்பதையும் பெறுவதையும் சேர்த்தே விலக்கினார்கள். அத்தீர்ப்பை ஏற்போர் ஏற்கட்டும். பாதியை மட்டும் ஏற்பதற்கு அதில் இடமில்லை.

மறுப்புக்கு அடிப்படை, மையித்தின் கண்ணியம். மரித்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதை ஒக்கும் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழி நாமெல்லாம் அறிந்ததே. ஆனால் அதே நபிமொழியை ஓதியறிந்த ஃபிக்ஹு மேதைகள்தாம், கர்ப்பிணி ஒருத்தி மரித்து, வயிற்றினுள் சிசு உயிரோடிருக்குமானால், வயிற்றைத் திறந்து சிசுவை எடுக்கலாம் என்றும் விதித்தார்கள். முறிந்த எலும்போடு சுத்தமான எலும்பை இணைக்க வழியில்லாதபோது, அசுத்தமான எலும்பை இணைத்துக்கொள்வது மன்னிக்கப்படும் என்று இமாம் நவவீ அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய பேச்சு இது! காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ மத்ஹபின்படி ஓதிக்கொடுக்கும் ஆலிம்களுக்கு இது புதிய செய்தியன்று.

சிங்கப்பூர் உலமாக்களும் ஒரே நாளில் இணங்கிவிடவில்லை. அங்குள்ள இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வாக் குழு 1973இல் உறுப்பு மாற்றம் கூடாதென்றே தீர்ப்பளித்தது. 1986இல் நிர்ப்பந்த நிலையைக் கருதிச் சிறுநீரகத்துக்கு அனுமதி தந்தது. ஆயினும் உறுதிமொழிப் பத்திரத்தில் இரண்டு ஆண் வாரிசுகள் கையொப்பமிடவேண்டும். நல்ல எண்ணத்தோடு பத்திரம் கேட்டவரும் இந்தக் கட்டத்தில் தயங்கியிருப்பார். தந்தையார் மரித்தபின் அவர் உடலைத் திறக்கலாம் என்று எந்த மகன் எளிதில் எழுதித் தருவான்? பின்னர் பிற உறுப்புகளுக்கும் அனுமதி விரிந்தது. இறுதியில் 2007இல், முஸ்லிம்களையும் பொதுச் சட்டத்துக்குள் சேர்க்கலாம் என்ற தீர்ப்பு வந்தது. மறுநாண்டு சட்டம் திருத்தப்பட்டது. மறுக்க விரும்பும் முஸ்லிம் இன்றும் எழுதிக் கொடுத்து விலகலாம்.

இதில் ஓர் ஐயம் எஞ்சுகிறது. வாய் திறவாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாமா? மௌனமாயிருப்பவர்மீது எந்தச் சொல்லும் சுமத்தப்படமாட்டாது என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. கன்னிப் பெண்ணின் மௌனம் நிக்காஹுக்குச் சம்மதமாகும் என்பதோ அதற்கு விலக்கு. விஷயம் அவளிடம் கேட்கப்பட்டு, அவள் அறிந்து, மறுக்க வழியும் இருந்து, பின் அவள் மௌனம் காத்தாள் என்பதே அந்த விலக்கின் ஆதாரம். அதே நிபந்தனைகள் சிங்கப்பூரின் சிறிய நிலப்பரப்பில் நிறைவேறக்கூடும். நம் நாடுகளில், சட்டம் இருப்பதையே அறியாத கிராமத்து ஏழையின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அநீதியாகும்.

இதனினும் கடினமான கேள்வி, மரணம் எப்போது நிகழ்கிறது என்பது. மூளை முற்றிலும் செயலற்றுப் போனபின்னும், செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் மார்பு ஏறியிறங்கும். உடம்பில் சூடும் இருக்கும். சிறுநீரகம், ஈரல், இருதயம் ஆகியவை பெரும்பாலும் அந்த நிலையில் உள்ளவரிடமிருந்தே பெறப்படுகின்றன. வீட்டில் மரித்தவரிடமிருந்து கண்ணைப் பெறலாம், இருதயத்தைப் பெறமுடியாது. உறுப்புகளுக்குப் பஞ்சம் நிலவ இதுவும் ஒரு காரணம். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாடமி, 1986இல் அம்மானில் கூடி, மூளைச்சாவை மரணமென ஏற்றது. அடுத்த ஆண்டு மக்காவின் ஃபிக்ஹு அகாடமி, கருவியை அகற்றலாம், ஆனால் இருதயமும் நின்றபின்னரே மரணச் சட்டங்கள் பொருந்தும் என்றது. 1988இல் ஜித்தாவில், மரித்தவர் முன்னரே இசைந்திருந்தாலோ, வாரிசுகள் இசைந்தாலோ உறுப்புகளை எடுக்கலாம், விலைக்கு விற்பது மட்டும் கூடாது என்று முடிவாயிற்று. 1989இல் இந்திய ஃபிக்ஹு அகாடமியோ, உயிரோடிருப்பவர் தம் உறவினருக்குத் தரும் சிறுநீரகத்தை ஏற்றது. மரணத்துக்குப்பின் உறுப்புகளை எடுக்கச் சொல்லும் சாசனம் வஸிய்யத்தாகாது என்று மறுத்தது. நம் பள்ளிவாசல்களில் இமாமிடம் கேட்டால் ஆளுக்கொரு விடை வருவதன் காரணம் இதுவே. அவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை.

ஆயினும் கருத்துவேறுபாடு நோயாளிக்காகக் காத்திருப்பதில்லை. இந்தியாவில் மரித்தோர் வழி உறுப்பளித்தவர்களின் எண்ணிக்கை 2023இல்தான் முதன்முறையாக ஓராண்டில் ஆயிரத்தைக் கடந்தது. நூற்று நாற்பது கோடி மக்களுள் ஆயிரம்! 1994இன் சட்டம் வந்தபின்னும், அட்டையில் கையொப்பமிட்டவருடைய விருப்பம்கூட, நடைமுறையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தின் ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது. அவர்கள் அதைப்பற்றி வீட்டில் பேசியே இராவிட்டால், அந்த இரவில் எதைச் சொல்வார்கள்?

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இலங்கையில் வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய கண்தான சங்கம், கடல்கடந்த பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பிவருகிறது. மிகுதியாகப் பெற்ற நாடுகளுள் பாகிஸ்தான் முதன்மையானது. கொடுத்தவர்களோ பெரும்பாலும் பௌத்தர்கள். அவர்களுடைய கண்களால் குர்ஆனை ஓதும் முஸ்லிம்கள் கராச்சியிலும் லாகூரிலும் இருக்கிறார்கள். அது ஹராம் என்று அவர்களிடம் சொல்ல எவருக்கும் நா எழாது.

அதே கராச்சியில் அப்துல் சத்தார் ஈதி அவர்கள் 2016 ஜூலை 8ஆம் நாள் காலமானார்கள். அநாதைகளையும் உரிமைகோருவாரற்ற ஜனாஸாக்களையும் ஆயுள் முழுதும் சுமந்தவர். இறுதி ஆண்டுகளில் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அழைத்தபோதும் அவர் செல்லவில்லை. உறுப்புகளைத் தானம் செய்ய விரும்பினார். நோயுற்ற உடலில் கண்கள் மட்டுமே பயன்படும் நிலையில் இருந்தன. அவை எடுக்கப்பட்டு இருவருக்குப் பொருத்தப்பட்டன. மறுநாள் தேசிய விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்து அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பே தாமாகத் தோண்டி வைத்திருந்த கபுரில் அவரை அடக்கம் செய்தார்கள்.